செலவுக்கு ஹோட்டல் சோறு, வரவுக்கு ஆர்கானிக் விலை: பன்றிப் பண்ணை கணக்கு எங்கே இடிக்குது?

நம்ம சேனல்ல எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வீட்டுக் கடன்னு பேசினா வர்ற கேள்விகள் ஒரு வகை. சில மாசமா வேற ஒரு வகைக் கேள்வி அதிகமா வருது: "சார், சேவிங்ஸ் 8 லட்சம் இருக்கு. ஊர்ல அரை ஏக்கர் இருக்கு. ஆர்கானிக் பன்றிப் பண்ணை போடலாமா? 100 பன்னி வளர்த்தா 12 லட்சம் லாபம்னு ஒரு வீடியோல பார்த்தேன்."

எனக்குச் சொந்த ஊர் சந்தவாசல். ஆரணிப் பட்டு நெய்யுற பக்கம். தறியை நம்பி பொழைக்க முடியலைன்னு சென்னைக்கும் பெங்களூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போன பசங்கதான் இதை அதிகமா கேக்கறாங்க. காரணம் புரியுது. அப்பாவுக்கு வயசாகுது, தறி நிக்குது, நிலம் சும்மா கிடக்கு. சம்பளத்துல மிச்சம் பிடிச்ச பணத்தை ஊர்லயே ஏதாவது ஒண்ணுல போட்டா வீட்டுக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சுங்கற ஆசை. ஆசையில தப்பே இல்லை. அந்த 12 லட்சம் கணக்குலதான் தப்பு இருக்கு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பன்றி வளர்ப்பு நல்ல தொழில். ஆர்கானிக் வளர்ப்பும் நியாயமான விஷயம். ஆனா நீங்க பார்க்கிற வீடியோ கணக்குல பெரும்பாலும் செலவுப் பக்கம் ஒரு தொழில்ல இருந்து வருது, வரவுப் பக்கம் இன்னொரு தொழில்ல இருந்து வருது. ரெண்டையும் ஒரே எக்செல்ல ஒட்டினா லாபம் கொட்டத்தான் செய்யும்.

ஒரு பன்றிக்குக் கணக்கு போடுவோம்

கீழே இருக்கிற விலை எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் வெச்சுக்கிட்ட விலை. உங்க ஊர் விலையை நீங்களே விசாரிச்சு மாத்திப் போட்டுக்கோங்க.

தாய்கிட்ட இருந்து பால் மறந்த 10 கிலோ வெண்பன்றிக் குட்டி ஒண்ணு 4,000 ரூபாய்னு வாங்கறோம். அதை 80 கிலோ வரைக்கும் வளர்க்கணும். 70 கிலோ எடை ஏறணும். மருந்து, தண்ணி, கரண்ட், ஆள் கூலியில ஒரு பங்கு எல்லாம் சேர்த்து 1,500. வியாபாரி பண்ணைக்கு வந்து உயிர் எடை கிலோ 150-க்கு எடுக்கறார்னு வைங்க. 80 கிலோவுக்கு 12,000 ரூபாய்.

மிச்சம் இருக்கிறது தீவனம். மொத்தத் தொழிலும் அதுலதான் நிக்குது.

முதல் முறை: ஹோட்டல், ஹாஸ்டல், கல்யாண மண்டபக் கழிவு. சாப்பாடு இலவசம் மாதிரி. வண்டி, டீசல், வேக வைக்க விறகு, தூக்கற ஆள் எல்லாம் சேர்த்து ஒரு பன்றிக்கு 2,500. மொத்தச் செலவு 8,000. லாபம் 4,000.

ரெண்டாவது முறை: கடையில வாங்கற அடர்தீவனம். ஒரு கிலோ எடை ஏற சுமார் மூணரை கிலோ தீவனம் வேணும். 70 கிலோவுக்கு 245 கிலோ. கிலோ 30 ரூபாய்னா 7,350. மொத்தச் செலவு 12,850. நஷ்டம் 850.

மூணாவது முறை: நிஜமான ஆர்கானிக் தீவனம். ஆர்கானிக் மக்காச்சோளம், புண்ணாக்கு எல்லாம் விலை கூட. கலந்து கிலோ 45-னு வைங்க. வளர்ச்சியும் கொஞ்சம் மெதுவா இருக்கும். ஒரு கிலோ எடைக்கு 4 கிலோ தீவனம். 280 கிலோ, 12,600 ரூபாய். மொத்தச் செலவு 18,100. அசல் எடுக்கவே உயிர் எடை கிலோவுக்கு 226 ரூபாய் வேணும்.

இப்போ வீடியோ கணக்கைப் பாருங்க. செலவு முதல் முறையில இருந்து: 8,000. விற்பனை "ஆர்கானிக்" விலையில, கிலோ 250: 20,000. ஒரு பன்றிக்கு லாபம் 12,000. நூறு பன்றிக்கு 12 லட்சம். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆனா அப்படி ஒரு பன்றி உலகத்துலயே கிடையாது.

ஏன் ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாது?

நம்ம ஊர்ல யாராவது "இது சுத்தப் பட்டு"ன்னு சொன்னா சும்மா நம்பறோமா? சில்க் மார்க் லேபிள் இருக்கான்னு பார்க்கறோம். ஆர்கானிக்கும் அதே மாதிரிதான். அது ஒரு உணர்வு இல்லை, சட்டப்படி ஒரு உரிமைகோரல். மத்திய அரசோட தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம், அதாவது என்பிஓபி, 2001-ல இருந்து நடக்குது. அதுல கால்நடைக்கும் தனி விதிகள் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2017-ல ஆர்கானிக் உணவுக்குத் தனி ஒழுங்குமுறையே போட்டிருக்கு. சான்று இல்லாம பாக்கெட்ல "ஆர்கானிக்"னு அச்சடிச்சு கடைக்குக் குடுக்க முடியாது. நேரடியா வாடிக்கையாளருக்கு விக்கற சின்ன உற்பத்தியாளருக்குச் சலுகை இருக்கு; ஆனா அது சான்றுக்குச் சலுகை, பொய் சொல்றதுக்கு இல்லை.

விதிகளோட சாரம் எளிமை. தீவனம் ஆர்கானிக்கா விளைஞ்சிருக்கணும். வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக்கோ ஹார்மோனோ கூடாது. வெளியில நடமாட இடம் வேணும். நோய் வந்தா வைத்தியம் பண்ணாம விடக்கூடாது. பண்ணிட்டு, வழக்கத்தை விட நீண்ட காலம் காத்திருந்துதான் விக்கணும். ஒவ்வொண்ணுக்கும் பதிவேடு வேணும்.

ஹோட்டல் கழிவுல எந்த அரிசி, எந்த எண்ணெய், எந்த மசாலான்னு யாருக்கும் தெரியாது. அதுக்குப் பதிவேடு எழுத முடியாது. அதனால அது ஆர்கானிக் ஆகாது. அதுக்காக அது மோசமான தொழில்னு நான் சொல்லலை. ஊர் வீணாக்கற சோத்தைக் கறியாக்கறது ஒரு சேவைதான். பேரு மட்டும் வேற.

இன்னொரு நுணுக்கம். ஆரணி அரிசி ஆலைக்குப் பேர் போன ஊர். "தவிடுக்கு என்ன பஞ்சம், அதைப் போட்டு ஆர்கானிக்கா வளர்க்கலாமே"ன்னு கேக்கறாங்க. சாதாரணத் தீவனத்துக்குத் தவிடும் நொய்யும் அருமையான அனுகூலம்தான். வாங்கின தீவனத்தோட கலந்தா 30 ரூபாயை கணிசமா இறக்கலாம். ஆனா ஆர்கானிக்னு சொல்ல, அந்த நெல்லே ஆர்கானிக்கா விளைஞ்சிருக்கணும். எண்ணெய் எடுத்த தவிடும், எண்ணெய் எடுத்த சோயாவும் பெரும்பாலும் ஹெக்ஸேன்ங்கற ரசாயனக் கரைப்பான்ல எண்ணெய் பிரிச்சது. அதுவும் ஆகாது. செக்குல ஆட்டின கடலைப் புண்ணாக்குன்னா யோசிக்கலாம். அந்தக் கடலையும் ஆர்கானிக்கா இருக்கணும்.

கணக்குல எழுதாத கூலி

மேல சொன்ன 1,500 ரூபாய்க்குத் திரும்ப வருவோம். அதுல ஆள் கூலி பங்கு இருக்கு. ஒரு ஆளுக்கு மாசம் 15,000 சம்பளம், 8 மாசத்துக்கு 1,20,000. நூறு பன்றி இருந்தா தலைக்கு 1,200. இருபது பன்றி மட்டும் இருந்தா தலைக்கு 6,000. ஹோட்டல் கழிவு முறையோட 4,000 லாபமே அங்க காணாம போயிடும்.

"ஆள் எதுக்கு, அப்பா அம்மா பார்த்துப்பாங்க"ன்னு பதில் வரும். இதைக் கேட்டா எனக்கு எங்க பக்கத்துத் தறி வீடுகள்தான் ஞாபகம் வரும். புடவைக்குக் கூலி வரும். ராட்டையில நூல் சுத்திக் குடுத்த அம்மாவோட நேரத்துக்கு யாரும் ஒரு ரூபாய் எழுதினதில்லை. அதனாலதான் அந்தத் தொழில் ரொம்ப நாள் லாபம் மாதிரியே தெரிஞ்சுது. 60 வயசு அப்பா காலையில அஞ்சு மணிக்குக் கொட்டகை கழுவினா அதுக்கும் கூலி எழுதுங்க. எழுதின பிறகும் லாபம் நிக்குதுன்னா, அதுதான் தொழில்.

முதல் பணம் எப்போ வரும்?

தாய்ப் பன்றியில இருந்து ஆரம்பிக்கிறவங்க இதைக் கவனிங்க. சினைக்காலம் சுமார் 114 நாள். மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள்னு சொல்லுவாங்க. இணை சேர்க்க ஒரு மாசம், சினை நாலு மாசம், பொறந்த குட்டி விக்கற எடைக்கு வர ஏழெட்டு மாசம். அதாவது 13 மாசம் வரைக்கும் பணம் வெளியே போயிட்டே இருக்கும், உள்ள வராது. குட்டியாவே வித்தாலும் ஆறேழு மாசம் ஆகும்.

"சொந்தக் குட்டின்னா 4,000 மிச்சம்"னு நினைக்காதீங்க. ஒரு தாய்ப் பன்றி சராசரியா நாளைக்கு ரெண்டரை கிலோ சாப்பிட்டா வருஷத்துக்கு 900 கிலோவுக்கு மேல. கிலோ 30-னா சுமார் 27,000. வருஷத்துக்கு 14 குட்டி கரை சேர்ந்தா, ஒரு குட்டிக்குத் தாயோட தீவனம் மட்டுமே சுமார் 2,000.

கொட்டகை கட்டவே 8 லட்சத்தையும் போட்டுட்டு, தீவனத்துக்குப் பர்சனல் லோன் எடுக்கிறது நம்ம பசங்க அடிக்கடி விழற குழி. வெச்சிருக்கிற பணத்துல பாதியாவது நடைமுறைச் செலவுக்கு நிக்கணும். உங்க எமர்ஜென்சி ஃபண்ட் இந்தக் கணக்குலயே வரக்கூடாது.

ஒரே நாள்ல பூஜ்யம் ஆகிற ஆபத்து

பங்குச் சந்தை 30 சதவீதம் விழுந்தா தூக்கம் வராது நமக்கு. இங்க நூறு சதவீதமும் ஒரே வாரத்துல போகலாம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல அசாம், அருணாசலத்துல முதல் தடவையா இந்தியாவுக்குள்ள வந்தது. 2022 ஜூலைல வயநாட்டுப் பண்ணைகள்ல உறுதியாச்சு. கேரளா வெளிமாநிலப் பன்றிகளுக்குத் தடை போட்டது. நம்ம பன்றிக்கு முக்கியமான சந்தையே கேரளாதான். அங்க கதவு சாத்தினா நோய் வராத பண்ணைக்கும் விலை விழும். 2023 தொடக்கத்துல முதுமலையில காட்டுப் பன்றிகள் இந்த நோயால செத்தது உறுதியாச்சு.

இந்த நோய்க்கு மருந்து இல்லை. மனுஷனுக்குப் பரவாது, பன்றி பிழைக்காது. ஒரு பண்ணையில உறுதியானா சுத்தி ஒரு கிலோமீட்டர்ல இருக்கிற பன்றிகளை அழிக்கணும், பத்து கிலோமீட்டருக்குக் கண்காணிப்பு. அரசு இழப்பீடு எடைக்கு ஏத்த மாதிரி வரும்; ஆனா அது அதிகாரிகள் அழிக்கிற பன்றிக்கு. அதுக்கு முன்னாடி செத்ததை நீங்க மறைச்சுப் புதைச்சா ஒண்ணும் கிடைக்காது. அதனால சந்தேகம் வந்த அன்னிக்கே கால்நடை மருத்துவருக்குச் சொல்றது பணக் கணக்குலயும் சரி.

ரெண்டு முறைக்கும் இதுல தனித்தனி ஆபத்து. ஹோட்டல் கழிவுல பன்றிக்கறித் துண்டு இருந்தா அதுலயே கிருமி வரும். கொதிக்க வெச்சு அரை மணி நேரம் கிளறாம போடவே கூடாது. ஆர்கானிக் முறையில திறந்தவெளி நடமாட்டம் வேணும். நம்ம சந்தவாசல் பக்கம் ஜவ்வாது மலை அடிவாரம். காட்டுப் பன்றி வயலுக்கு வர்றது உங்களுக்கே தெரியும். அது உங்க வேலியை மூக்கால உரசினாலும் ஆபத்துதான். அதனால ரெட்டை வேலி. அந்தச் செலவை எந்த வீடியோலயும் நான் பார்த்ததில்லை. வெயிலும் ஒரு செலவு: பன்றிக்கு வியர்க்காது. சித்திரை வைகாசியில நிழலும் தண்ணித் தெளிப்பும் இல்லைன்னா தீவனம் எடுக்காது, எடை ஏறாது.

இன்சூரன்ஸ் எடுங்க. தேசிய கால்நடை இயக்கத்துல பிரீமியத்துல விவசாயி பங்கு 15 சதவீதம்தான். ஆனா கையெழுத்துக்கு முன்னாடி "இந்தக் காய்ச்சலும், அரசு உத்தரவுல அழிக்கிறதும் பாலிசியில வருதா?"ன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

சம்பளக்காரங்களுக்கு வரிப் பக்கம்

இது என் ஏரியா, அதனால அழுத்திச் சொல்றேன்.

ஒண்ணு: பன்றி வளர்ப்பு வருமானம் விவசாய வருமானம் இல்லை. நிலத்துல உழுது பயிர் பண்றதுதான் வருமான வரிக்கு விவசாயம்னு உச்ச நீதிமன்றம் 1957-ல ராஜா பினோய் குமார் வழக்குலயே தெளிவாக்கிடுச்சு. "ஊர்ல பண்ணை, வரி கிடையாது"ங்கறது தப்பு. இது வியாபார வருமானம்.

ரெண்டு: பண்ணையில நஷ்டம் வந்தா அதைச் சம்பளத்துல கழிக்க முடியாது. இதுதான் நிறைய பேருக்கு அதிர்ச்சி. வீட்டுல இருந்து ஒரு லட்சம் நஷ்டம் போனாலும் சம்பளத்துக்கு முழு வரி கட்டணும். நஷ்டத்தை 8 வருஷம் வரைக்கும் முன்னால கொண்டு போய் வியாபார லாபத்துல கழிக்கலாம். அதுக்கு ரிட்டர்னைக் கெடுவுக்குள்ள போட்டிருக்கணும், பில்லும் கணக்கும் இருக்கணும்.

மூணு: ஐடிஆர்-1 போட்டுட்டிருந்த நீங்க இனிமே ஐடிஆர்-3 அல்லது 4. அதோட, வியாபார வருமானம் வந்துட்டா பழைய வரி முறை, புதிய வரி முறைன்னு வருஷா வருஷம் மாத்தி விளையாட முடியாது. பழைய முறைக்குப் போய்ட்டு புதுசுக்கு ஒரு தடவை திரும்பினா, அந்த வியாபாரம் இருக்கிற வரைக்கும் பழைய முறைக்கு வழி அடைஞ்ச மாதிரிதான்.

நாலு: இனவிருத்திக்கு வெச்சிருக்கிற தாய்ப் பன்றி செத்தா, வாங்கின விலையில கைக்கு வந்தது போக மீதியைச் செலவாக் காட்டலாம். வாங்கின பில் இருந்தாத்தான். கொட்டகைக்கு மானியம் வந்தா அந்தத் தொகையைக் கழிச்சுட்டுத்தான் தேய்மானம்.

அஞ்சு: யார் தினமும் வேலை பார்க்கறாங்களோ அவங்க பேர்லயே தொழில் இருக்கட்டும். அப்பாவுக்குப் பணம் குடுத்து அவர் பேர்ல நடத்தினா லாபம் அவர் வருமானம். உங்க வருமானத்தோட சேராது. மனைவிக்குக் குடுத்து அவங்க பேர்ல போட்டா உங்க தலையில வந்து சேரும் விதி இருக்கு. அரசு வேலையில இருக்கிறவங்க உங்க பேர்ல தொடங்கறதுக்கு முன்னாடி நடத்தை விதிகளைப் படிங்க.

மானியம் இருக்கே?

இருக்கு. தேசிய கால்நடை இயக்கத்துல 50 சதவீத மூலதன மானியம். 50 தாய், 5 ஆண் பன்றிக்கு அதிகபட்சம் 15 லட்சம். 100 தாய், 10 ஆணுக்கு 30 லட்சம். ஆனா அளவைப் பாருங்க. 8 லட்சம் வெச்சிருக்கிறவருக்கு 50 தாய்ப் பன்றிங்கறது முதல் படி இல்லை, பத்தாவது படி. மானியமும் ரெண்டு தவணையா வரும். முழுசும் கைக்கு வர்ற வரைக்கும் வங்கிக் கடன் வட்டி ஓடிட்டிருக்கும். மானியத்துக்காகப் பண்ணையைப் பெருசாக்காதீங்க.

அப்போ என்னதான் பண்றது?

ஆர்கானிக் பன்றி ஜெயிக்கணும்னா வியாபாரிக்கு விக்கக் கூடாது; கறியா, நேரா வீட்டுக்கு விக்கணும். 80 கிலோ பன்றியில சுமார் 70 சதவீதம், 56 கிலோ கறி. 18,100 செலவை வகுத்தா கிலோ 323. உரிமம் உள்ள இடத்துல அறுத்து, குளிர்ல வெச்சு, கொண்டு சேர்க்க கிலோவுக்கு 50 சேர்த்தா 373. கிலோ 400-க்கு வித்தா ஒரு பன்றிக்கு சுமார் 1,500 நிக்கும். ஒரு குடும்பம் மாசம் ரெண்டு கிலோ வாங்கினா, ஒரு பன்றியைத் தீர்க்க 28 குடும்பம் வேணும். சந்தவாசல்ல அது கிடைக்காது. வேலூர்ல சிஎம்சி-க்காகத் தங்கியிருக்கிற வடகிழக்கு மக்கள், சென்னை, பெங்களூர்ல கிடைக்கலாம். அதனால முதல் முதலீடு கொட்டகை இல்லை, வாடிக்கையாளர் பட்டியல். 28 பேர் பேர் எழுதி, அட்வான்ஸ் குடுத்தா அடுத்த அடி வைங்க. நண்பர்கள் "சூப்பர் மச்சி, ஆரம்பி, வாங்கிக்கறோம்"னு சொல்றது ஆர்டர் இல்லை.

அடுத்து, செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்துல கால்நடைப் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு. பன்றி ஆராய்ச்சி அங்க பல வருஷமா நடக்குது. பயிற்சி எப்போன்னு கேட்டு, லீவு போட்டுப் போங்க. அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. கொட்டகைக்கு முன்னாடி ஊராட்சி அனுமதியையும் அக்கம்பக்கத்து வீடுகளையும் பேசி முடிங்க. நாத்தம்னு ஒரு புகார் போதும், கட்டினது வீணாப் போக.

பிறகு வேலையை விடாம பத்துக் குட்டியோட ஒரே ஒரு பேட்ச். மில்லுத் தவிடு, நொய், செக்குப் புண்ணாக்கு, மக்காச்சோளம் கலந்து போடுங்க. அதை "ஆர்கானிக்"னு விக்காதீங்க. "ஹோட்டல் கழிவு போடலை, வளர்ச்சிக்கு மருந்து போடலை, தீவனப் பதிவேடு இதோ"ன்னு உண்மையைச் சொல்லி வில்லுங்க. நேர்மையா சொன்னதுக்கு மக்கள் எவ்வளவு கூடக் குடுக்கறாங்கன்னு அந்த பேட்ச்லயே தெரிஞ்சுடும். குட்டி, தீவனம், மத்ததுன்னு எல்லாம் சேர்த்து ஒண்ணரை லட்சம் மாதிரி ஆகும். அது போனாலும் உங்க சம்பளம் தாங்கும். எட்டு லட்சம் போனா தாங்காது.

யாராவது உங்ககிட்ட பண்ணைக் கணக்கு காட்டினா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்தச் செலவுல வளர்ந்த பன்றியைத்தான் இந்த விலைக்கு வித்தீங்களா? பில் இருக்கா?" பில் காட்டினா உக்காந்து பேசுங்க. காட்டலைன்னா ஒரு டீ குடிச்சுட்டு வந்துடுங்க.

உங்க ஊர்ல தீவனம் என்ன விலை, உயிர் எடை என்ன விலைக்குப் போகுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. நிஜமாவே பண்ணை நடத்தறவங்க உங்க வரவு செலவை அனுப்பினா, பேர் சொல்லாம அடுத்த வீடியோல அதை வெச்சே கணக்கு போடலாம்.